பாதி உருவிய திராய்

1

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நாளோ, வேலையில் சேர்ந்த நாளோ, யாருக்கு விசேஷமோ அவரேதான் கேக் செய்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் வந்து தின்றுவிட்டு, கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. யாராவது ஏதாவது தருவார்கள் என்று நான் காலையிலிருந்து காத்திருந்தேன். அவர்கள் என் கேக்குக்காகக் காத்திருந்தார்கள். சாயங்காலம்வரை இரண்டு தரப்பும் பட்டினி.

இந்த மார்ச்சில் நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் முடிந்தது. கேக் எல்லாம் நமக்குச் சரிப்படாது என்று ரவா கேசரி கிண்டிக்கொண்டு போனேன். முந்திரியைப் பொறுக்கி முதலில் தின்கிறவர்கள் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள்.

என் வேலையைப் பற்றி ஊரில் கேட்காதவர்கள் இல்லை. "செத்த செடிக்கு சம்பளமாடி?" என்று என் அக்கா அற்புதம் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். இந்தச் சின்னப் பல்கலைக்கழக ஊரில் ஒரு ஹெர்பேரியம் இருக்கிறது. உலர்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் மூன்று மாடிக் கட்டடம். என் கணவர் சார்லஸ் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு வந்தார், நான் அவர் பின்னால் வந்தேன். காஞ்சிபுரத்தில் படித்த தாவரவியல் பட்டத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு இதே கட்டடத்தில் தரை துடைத்தேன். ஒரு நாள், தலைகீழாக மாட்டியிருந்த ஒரு நெட்டியைப் பார்த்துவிட்டு வாயை அடக்க முடியாமல் சொன்னேன். அதற்கப்புறம் துடைப்பத்தை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

பழைய தாள்களை இந்தக் காலத்துக்கு உபயோகமாக்குவதுதான் என் வேலை. கிழிந்ததை ஒட்டுவேன், படம் எடுப்பேன், சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் கணினியில் ஏற்றுவேன், செடியைப் பிடுங்கிய இடத்தை வரைபடத்தில் கண்டுபிடித்துப் புள்ளி வைப்பேன். அந்தக் கால ஜெர்மன் கையெழுத்தை இந்தக் கால ஜெர்மன்காரர்களுக்கே படிக்கத் தெரியாது. நான் தனியாகக் கற்றுக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு பாடு? உலகத்தில் ஒவ்வொரு செடியின் பெயருக்கும் ஆதாரமாக எங்கேயோ ஒரு தாள் இருக்கிறது. அதுதான் மூலப்பத்திரம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் மூலப்பத்திரம் இல்லாதவன் கதி என்ன ஆகும் என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

கேசரி தின்றுகொண்டே பிரிகிட்டா ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர், திராய்க் கீரைக் குடும்பத்துச் செடிகளின் வகைப்பாட்டை முழுக்கத் திருத்தி எழுதிக்கொண்டிருப்பவர். "உங்கள் பக்கத்துச் செடி, ஜெஸி. இதன் பெயரை இந்த முறை எடுத்துவிடப் போகிறேன்" என்றார்.

ஒற்றைத் தண்டு, சாண் நீளம். நுனியில் மட்டும் ஏழு இலை, இரண்டு மூன்று பூ, இரண்டு காய். கீழ்ப்பாதி மொட்டை. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு பாதிரியார் அனுப்பியது. கணினியில் 'தென்னிந்தியா, இடம் தெரியவில்லை' என்று யாரோ ஏற்றியிருந்தார்கள். நான் சீட்டைப் படித்தேன். உத்திரமேரூரிலிருந்து தெற்கே ஒரு மணி நேர நடை. மூன்று மதகுள்ள ஏரி. நடு மதகின் அருகே, தண்ணீர் வடிந்த பின். பெண்கள் சமைத்து உண்கிறார்கள்.

அந்த நடு மதகில் உட்கார்ந்துதான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். எங்கள் ஏரி அது.

"இடம் தெரியும். இந்தச் செடியும் தெரியும். நான் இதைத் தின்றிருக்கிறேன்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் மனிதர் தின்பதற்கு ஒரு சொல், மாடு தின்பதற்கு வேறொரு சொல். அவசரத்தில் நான் மாட்டின் சொல்லைச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவசரம் என்று வந்தால் என் நாக்கு இப்படித்தான் காலை வாரும்.

பிரிகிட்டா சிரிக்கவில்லை, விளக்கினார். அந்தக் காலத்தில் இந்த ஒரு தாளை வைத்துத்தான் இதைத் தனி இனம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் எழுதியிருக்கும் முக்கிய அடையாளம், தண்டின் கீழ்ப்பாதியில் இலை கிடையாது என்பது. அதற்கப்புறம் அப்படியொரு செடியை யாரும் எங்கும் பார்க்கவில்லை. ஆகவே இது ஊரெல்லாம் முளைக்கும் சாதாரணத் திராயேதான், வறட்சியில் இலை உதிர்த்திருக்கிறது. ஒரே செடிக்கு இரண்டு பெயர் எதற்கு? ஜூன் கடைசியில் கட்டுரை அச்சுக்குப் போகிறது.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் ஜெர்மன் சுத்தமாகிவிடும். "எங்கள் ஏரியில் திராய் இரண்டு வகை. இது இரண்டாவது வகை. இருக்கிறது" என்றேன்.

"இருந்தால் காட்டுங்கள்" என்றார் பிரிகிட்டா. அவர் நியாயஸ்தர். அதே ஏரியிலிருந்து வேர், பூ, காய் எல்லாம் உள்ள முழுச்செடி கிடைத்தால், மரபணுவை ஒப்பிட இந்தத் தாளிலிருந்து ஒரே ஒரு இலையை வெட்ட அனுமதிப்பதாகச் சொன்னார். செடி கிடைக்காமல் வெட்ட மாட்டார். இருப்பதே ஏழு இலை.

2

ஊரில் அக்கா இன்னும் கூலி வேலைக்குத்தான் போகிறாள். நடவு, களை, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. என்னைவிட ஏழு வயது மூத்தவள். மறுநாள் அவளை வீடியோவில் கூப்பிட்டேன்.

"இன்னாடி இந்நேரத்துல? வேலக்கிப் போவலியா?"

"லீவு போட்டிருக்கேன். அக்கா, நம்ம ஏரியில திராய் வந்துடுச்சா?"

"இப்பதான தண்ணி எறங்கிக்கினு கீது. நடு மதகாண்ட கொஞ்சம் பச்ச புட்ச்சிகீது. இன்னாத்துக்கு? அங்க வந்து ஆக்கிப் போடணுமா ஒனக்கு?"

"எத்தன வகை இருக்கு, சொல்லு."

"ரெண்டுதான். மாட்டுத் திராய், வூட்டுத் திராய். இதுகூட மறந்துட்டியா?"

மாட்டுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. முந்தின நாள் அலுவலகத்தில் சிரித்தவர்களை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன். எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன்.

"கிள்ளுனா தெரியாதா? மாட்டுத் திராய் நாரு நாரா வரும். எல்லா எடத்துலயும் மொளைக்கும். வூட்டுத் திராய் வெடுக்குனு வந்துடும். மதகாண்ட, அதுவும் ரெண்டு மூணு மாசம்தான். கொதிக்கசொல்ல வாசன வேற. இதுக்கா போன் பண்ணே?"

கீழ்த்தண்டில் இலை இருக்குமா என்று கேட்டதற்கு, "அடியிலேர்ந்து நுனி வரிக்கும் எல கீது. எல இல்லாம இன்னாத்த ஆக்கறது?" என்றாள். அது எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் இருப்பது மொட்டைத் தண்டு. அக்கா சொல்வது இலை நிறைந்த தண்டு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் செடி வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மகள் ரூத் பின்னால் வந்து கையசைத்தாள். பதினாறு வயது. "இன்னாம்மா, நாஷ்டா துன்னியா?" என்று அக்கா கேட்டாள். "சாப்பிட்டேன் பெரியம்மா" என்றாள் ரூத். அவள் தடங்கல் இல்லாமல் சொல்லும் தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான். சாப்பிடாத நாளிலும் அதையே சொல்வாள். பிறகு அவள் சிரிக்க, அக்கா சிரிக்க, இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள், மொழிபெயர்க்கச் சொல்லி. எதையும் யாரும் சொல்லவில்லையே, எதை மொழிபெயர்ப்பது?

3

செடியைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊறுகாயே சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். இந்தியாவிலிருந்து ஒரு செடி ஆராய்ச்சிக்கு வெளியே போக வேண்டுமானால் அங்கே அனுமதி வாங்க வேண்டும், இங்கே நோயில்லை என்ற சான்று கேட்பார்கள். படிவம் ஒன்றில் 'இந்தத் தாவரத்தோடு விண்ணப்பதாரருக்கு உள்ள தொடர்பு' என்று ஒரு கட்டம். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பாதிரியார் யாரையும் கேட்காமல்தான் பெட்டி பெட்டியாக அனுப்பினார். அப்போது இந்தச் சட்டம் இருந்திருந்தால் தாள் அங்கேயே இருந்திருக்கும். ஆனால் ஜூன் கடைசிக்குள் எந்தக் கையெழுத்தும் ஆகாது என்பது தெளிவாகத் தெரிந்தது.

செடி வரவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் படித்த கல்லூரிக்கு எழுதினேன். இப்போது அங்கே தாவரவியல் துறையில் கலைச்செல்வி என்ற பேராசிரியை இருக்கிறார், எனக்கு முன்பின் தெரியாதவர். செடியை அங்கேயே பதப்படுத்தி, அங்கேயே எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மரபணுவையும் சென்னையில் படித்துக்கொள்ளுங்கள், அந்த மரபணு எழுத்துவரிசை மட்டும் இங்கே வரட்டும், கட்டுரையில் உங்கள் பெயரும் இருக்கும் என்றேன். மறுநாளே பதில் வந்தது. 'எங்க ஹெர்பேரியம்னா நாலு பீரோதான் மேடம், பரவாயில்லையா?' பரவாயில்லை என்றேன். பிரிகிட்டாவும் ஒப்புக்கொண்டார்.

அக்காவிடம் சொன்னேன். வூட்டுத் திராய் பத்துச் செடி, காஞ்சிபுரத்தில் மேடம் கையில் கொடுக்க வேண்டும், கவனமாக, நல்லபடியாக.

இங்கேதான் தப்பு செய்தேன். 'நல்லபடியாக' என்றால் என்ன என்று நான் சொல்லவில்லை.

4

அக்கா கூட்டாளிப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கிச் செடி பறித்திருக்கிறாள். மறுநாள், கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, உத்திரமேரூரில் பஸ் ஏறி, எவர்சில்வர் தூக்கோடு கல்லூரிக்குப் போய்விட்டாள். மேடம் என்னை வீடியோவில் கூப்பிட்டார். அலுவலகத்தில் நானும் பிரிகிட்டாவும் திரைமுன் உட்கார்ந்தோம்.

மேடம் தூக்கைத் திறந்தார். ஈரத்துணியை விலக்கினார். உள்ளே பச்சைப் பசேல் என்று இலை. வெறும் இலை. வேர் இல்லை, தண்டு இல்லை, பூவும் காயும் இல்லை.

"அம்மா, செடி எங்க?" என்று மெதுவாகக் கேட்டார் மேடம்.

"செடிதான் மேடம் இது. நாலு பேரா ஒக்காந்து ஆய்ஞ்சோம். காயெல்லாம் கிள்ளி எறிஞ்சிட்டேன், இருந்தா பல்லுல நறநறங்கும். மூணு தண்ணியில அலசிகீறேன். துளி மண்ணு இருக்காது. அப்பிடியே கொதிக்க வெக்கலாம்."

நான் கத்திவிட்டேன். பிரிகிட்டா பக்கத்தில் இருக்கிறார், மேடம் எதிரில் இருக்கிறார், எதுவும் பார்க்காமல், "அறிவு இருக்காக்கா உனக்கு? கீரையா கேட்டேன்? செடின்னுதான சொன்னேன்?" என்று கத்தினேன். அக்கா தூக்கின் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். மேடம்தான், "பரவாயில்லம்மா, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், கீரை பாத்து ரொம்ப நாளாச்சு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த இலைகளில் மரபணு இருக்கிறதுதான். ஆனால் எந்தச் செடியின் இலை என்று காட்ட முழுச்செடி இல்லாமல் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

இரண்டு நாள் அக்கா போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"ஒனக்கு நெனப்பு இருக்காது. நீ ஸ்கூலுக்குப் பூட்டே. பெரிய வூட்டுக்கு அம்மா கீர எடுத்துக்கினு போவசொல்ல நான்தான் கூடப் போவேன். ஒருநா வேருல மண்ணு இருந்துச்சின்னு அந்தம்மா அத்த அப்பிடியே அம்மா மூஞ்சிமேல விட்டெறிஞ்சிச்சி. அதுலேர்ந்து ஆயாம, அலசாம அம்மா யாருக்கும் குடுத்தது கெடையாது. மேடம் காலேஜில பாடம் நடத்தறவங்க. அவங்க கையில மண்ணோட எப்பிடிடி குடுப்பேன்?"

எனக்கு அது தெரியாது. அம்மா சாகும்வரை என்னிடம் சொன்னதில்லை. புழக்கடை வழியாகக் கீரை போன வீட்டை நான் பத்து வருஷம் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். வெட்கமாக இருந்தது. "தப்புக்கா, நான் கத்தினது தப்பு" என்றேன்.

"சரி, வுடு. அழுவாத. மறுபடி பறிச்சிட்டாப் போச்சி."

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே ஆய்ந்தாள். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையால் தண்டின் அடியைப் பிடிக்கிறாள். வலது கை விரல்களால் அடியிலிருந்து மேல்நோக்கி ஓர் உருவு. கீழ் இலைகள் முறத்தில் விழுகின்றன. நுனிக்கு வந்ததும் நிறுத்தி, காயைத் தனியாகக் கிள்ளி எறிந்துவிட்டு, கொழுந்தை ஒடித்துப் போடுகிறாள். ஒரு தண்டுக்கு இரண்டு நொடி.

கோழி ஒன்று முறத்துக்கு வந்தது. அக்கா அதை விரட்டிவிட்டு, கையில் இருந்த தண்டை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"இந்தா பாத்துக்கோ, இதான நீ கேட்ட பூவு? இதான காயி?"

கீழ்ப்பாதி மொட்டை. மேலே ஏழெட்டு இலை, பூ, காய். இரும்பு அலமாரியில் இருக்கும் தாள் அப்படியே உயிரோடு என் அக்கா கையில் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் ரூத் அறையிலிருந்து ஓடிவந்தாள். "இன்னாடி, பல்லி கில்லி வுயிந்துச்சா?" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை பிரிகிட்டா வருவதற்கு முன்பே தாளை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். இலை தானாக உதிர்ந்தால் உதிர்ந்த இடம் வழவழப்பாக ஆறியிருக்கும். இங்கே அப்படி இல்லை. இலை இருந்த ஒவ்வொரு இடத்திலும் தண்டின் தோல் மெல்லிசாக உரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே திசையில், அடியிலிருந்து மேல்நோக்கி.

பிரிகிட்டாவை உட்கார வைத்துக் காட்டினேன். அக்கா கீரை உருவுவதை எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கியிருந்த வீடியோவையும் காட்டினேன். அவர் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது, "கை" என்று ஒரே ஒரு சொல் சொன்னார்.

நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் மொட்டைத் தண்டைத் தேடியிருக்கிறார்கள். அப்படியொரு செடி உலகத்திலேயே கிடையாது, அது கீரை ஆயும் ஒரு பெண்ணின் கைவேலை. பாதிரியார் அதைச் செடியின் குணம் என்று நம்பி அனுப்பிவிட்டார். இங்கே இருந்தவர்களும் நம்பிப் பெயர் வைத்துவிட்டார்கள். கீரை ஆய்ந்த ஒருவர்கூட இவ்வளவு காலம் அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

"அப்படியானால் இருந்த ஒரே வித்தியாசமும் போய்விட்டதே" என்றார் பிரிகிட்டா.

"காய் இருக்கிறது. அதை இதுவரை யாரும் திறந்ததில்லை" என்றேன். மொட்டைத் தண்டே போதும் என்று விட்டிருந்தார்கள்.

அவர் யோசித்தார். பிறகு ஒரு காயைத் திறக்கச் சொன்னார். கடுகில் கால்வாசிகூட இல்லாத விதைகள். ஒவ்வொன்றின் மேலும் வரிசை வரிசையாகச் சின்னப் புடைப்புகள். சாதாரணத் திராயின் விதை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அது வழுக்கை.

பிரிகிட்டா எழுந்து போய் சாதாரணத் திராயின் கட்டு அத்தனையையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் தாள் தாளாக விதை பார்த்தோம். இலை நிறைந்த, பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லாத மூன்று தாள்களில் புடைப்பு விதை இருந்தது. மூன்றும் ஏரிக்குள்ளே பிடுங்கியவை, இரண்டு தமிழ்நாட்டில், ஒன்று ஆந்திரத்தில். இவ்வளவு நாளாகத் தப்பான பெயரில், தப்பான கட்டில் கிடந்தன. அவற்றைப் படம் எடுத்ததும் நான்தான், இடம் குறித்ததும் நான்தான். விதையைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் பிரிகிட்டா விடவில்லை. விதை போதாது, முழுச்செடியும் மரபணுவும் வேண்டும் என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்பேன்.

6

மே மாதம் பாதி போய்விட்டது. அக்கா கூப்பிட்டாள்.

"ஏரியில மண்ணு எடுக்கப் போறாங்களாம். நாளான்னிக்கி டிராக்டரு எறங்குது, நடு மதகுலேர்ந்துதான் ஆரம்பம். மேகம் வேற கட்டிக்கினு கீது. இன்னாடி பண்றது, ஒரே பேஜாரா கீது."

"நாளைக்கே பறிச்சுடு அக்கா. வேரோட. மண்ணோட. பூ, காய், புழு இருந்தாலும் புழுவோட. அலசாதே, உதறாதே."

"மண்ணோட குடுக்கக் கையே வராதேடி."

மேடத்திடம் சொன்னேன். எங்களுக்குள் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும், அம்மா முகத்தில் கீரை விழுந்ததையும் நான் எழுதியிருந்தேன். "அவங்க பஸ்ல மண்ணோட வர வேணாம். நான் ஏரிக்கே போறேன்" என்றார்.

மறுநாள் காலையில் எனக்கு வேலையே ஓடவில்லை. மேடம் ஆட்டோவில் வந்து, கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கியிருக்கிறார். அக்காவும் கூட்டாளிகளும் களைக்கொத்தால் ஒவ்வொரு செடியாகத் தோண்டியிருக்கிறார்கள். மாட்டுத் திராய் ஐந்து, வூட்டுத் திராய் பதினொன்று. மேடம் கரையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளுக்குள் வைத்துக் இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டினார். மேடம் அனுப்பிய படத்தில் அக்கா புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு நிற்கிறாள், கையில் சேறு சொட்டும் ஒரு செடி. முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

சாயங்காலம் அவளே பேசினாள்.

"மேடம் மண்ணோடயே வாங்கிக்கினாங்கடி. ரெண்டு கையால. நான் வோணாம் வோணாம்ன்றேன், வேர கூட அவங்களே தொடச்சாங்க."

அங்கே மழை கூரையில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

7

சென்னையிலிருந்து முடிவு வருவதற்கு முன்பே பிரிகிட்டா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இடுக்கியை என் கையில் கொடுத்து, "நீங்களே எடுங்கள்" என்றார். ஏழு இலைகளில் சின்னதை எடுத்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மெதுவாகப் பறித்ததில்லை.

ஜூன் மூன்றாம் வாரம் இரண்டு பக்கத்து மரபணு எழுத்துகளையும் வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். அலமாரியின் பழைய இலையும் அக்கா தோண்டிய வூட்டுத் திராயும் ஒன்று. மாட்டுத் திராய் வேறு. பெயரை நீக்குவதாக எழுதியிருந்த பத்தியை பிரிகிட்டா அடித்துவிட்டு மூன்று பக்கம் புதிதாக எழுதினார். பெயர் நின்றது. அடையாளம் மட்டும் மாறியது, தண்டுக்குப் பதில் விதை.

புதிய செடி இங்கே வரவில்லை. காஞ்சிபுரத்தில் அந்த நாலு பீரோவில் ஒன்றில் எண்ணோடு இருக்கிறது. சேகரித்தவர் என்ற இடத்தில் 'அற்புதம், விவசாயக் கூலி' என்று மேடம் எழுதியிருக்கிறார், கூட்டாளிகள் நான்கு பேரின் பெயரும் அடுத்த வரியில். இனி இந்தச் செடியைப் பற்றிச் சந்தேகம் வருகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும். உத்திரமேரூர் பஸ் அடிக்கடி இருக்கிறது.

பழைய தாளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. எங்கள் ஹெர்பேரியத்தில் எந்தப் பழைய சீட்டையும் கிழிக்க மாட்டோம், தப்பாக இருந்தாலும் சரி. திருத்தம் இருந்தால் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும், பார்த்தவர் கையெழுத்தோடு. பார்த்தது நான் என்பதால் என்னையே எழுதச் சொன்னார் பிரிகிட்டா. வீட்டுக்கு வந்து எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை ரூத்திடம் காட்டினேன். வழக்கமாக என் ஜெர்மனைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள். அன்றைக்கு இரண்டு பிழையைத் திருத்திவிட்டு, இன்னொரு தடவை படித்தாள். "இந்தப் பெண் நமக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

சீட்டில் இருப்பது இதுதான்: 'கீழ் இலைகள் உதிர்ந்தவை அல்ல. சமைப்பதற்காகக் கையால் உருவப்பட்டவை. இந்தத் தண்டைக் கொடுத்தவர் ஏரியில் கீரை பறித்த ஒரு பெண். பெயர் எழுதப்படவில்லை.'

ஒட்டிக் காயவைத்துவிட்டு மதியம் அக்காவைக் கூப்பிட்டு, அதைத் தமிழில் படித்துக் காட்டி, பாதிரியாரைப் பற்றியும் சொன்னேன். பெயர் நின்றுவிட்டது, புத்தகத்தில் உன் பெயரும் வருகிறது என்று சொன்னேன். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அய்யே பாவம்" என்றாள். "பாதி உருவிக்கினு இருக்கசொல்ல அந்தப் பாதிரியாரு வந்து கையிலேர்ந்து வாங்கிக்கினு பூட்டாரு. எத்தினி தண்டு வாங்கனாரோ. அன்னிக்கி அந்தப் பொம்பள வூட்டுல கொயம்புக்குக் கீர பத்தியிருக்காதேடி."